உள்ளே ஆள் இல்லாத புல்

உங்கள் ஜன்னலில் இருக்கும் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறீர்கள். இலை மஞ்சளாவதைப் பார்த்து, காய்கிறது என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறீர்கள் போலிருக்கிறது. எல்லோரும் செய்வதுதான். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும்போதும் இலை மஞ்சளாகத்தான் ஆகும். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். பிழைத்துக்கொள்ளும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர். என் அக்கா வீட்டுக்காரர் இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது முகமூடி போடவில்லை, மருந்து உடம்பில் ஏறி விழுந்தார், மருத்துவமனையில் உயிர் போனது, விபத்து. கீழே உறவினர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். சின்ன வேலை, வந்து போட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் கூப்பிட்டீர்கள். எழுதியதில் உங்கள்மேல் பிழை இல்லை. ஆனால் அது பாதியில் தொடங்குகிறது. முதலிலிருந்து சொன்னால்தான் என்னால் கையெழுத்துப் போட முடியும். தொடக்கம் ஒரு புல்லின் உள்ளே இருக்கிறது.

அந்த அம்மா தட்டச்சை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை, புல் என்றதும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து இதையும் தட்டச் சொல்லுங்கள்.

நான் வேலை பார்ப்பது தீவனப் புல் ஆராய்ச்சி நிலையத்தில். இந்த வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் விதைக்கும் புல் விதை முழுவதும் எங்கள் கிடங்கிலிருந்துதான் போகிறது. அந்தப் புல்லுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. பூஞ்சை என்றதும் ரொட்டியில் பூக்கும் பச்சையும் ஈரச் சுவரில் படரும் கறுப்பும் உங்களுக்கு நினைவுக்கு வரும். இது அந்த வகை இல்லை. இது வெளியே வரவே வராது. புள்ளி கிடையாது, வாடை கிடையாது, இலையில் ஒரு சுருக்கம்கூடத் தெரியாது. முடியைவிட மெல்லிய இழையாக, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் ஓடும். எந்தச் செல்லையும் துளைக்காது. புல்லின் அடித்தூரில், இலையுறை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். புல் பூக்கும் காலத்தில் தண்டோடு சேர்ந்து மேலே ஏறி, விதைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த விதை முளைத்தால் அடுத்த புல்லிலும் அது இருக்கும். தாயிடமிருந்து பிள்ளைக்கு என்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

பதிலுக்கு அது என்ன செய்கிறது என்று கேளுங்கள். யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கூன்வண்டு என்று ஒரு சின்னப் பூச்சி. இலையைக் கடிக்கும், இலையுறைக்குள் முட்டை வைக்கும். புழு தண்டைக் குடைந்துகொண்டு போகும். வெளியில் பசுமையாக இருக்கும் புல்லை இழுத்தால் கையோடு வந்துவிடும். பூஞ்சை இருக்கும் புல்லில் வண்டு ஒரு கடி கடிக்கும், பிடிக்காது, போய்விடும். அந்தப் பிடிக்காத பொருளைச் செய்வது பூஞ்சை. கூலியாகக் கொஞ்சம் சர்க்கரை எடுத்துக்கொள்கிறது. புல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இலையுறையின் உள்தோலை மெல்ல உரித்து, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அது தெரியும். யாரோ நீல நூலால் வரிசையாகத் தையல் போட்டது போல இருக்கும். நான் முதல் தடவை பார்த்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். இந்தப் பூஞ்சைக் குடும்பத்தில் சில வகைகள் மாட்டுக்குத் தலைசுற்றல் கொடுக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாமல் வண்டை மட்டும் விரட்டும் ஒரு வகையைத் தேடிப் பிடித்து, நாற்றுக்குள் குடிவைத்து, விதையாக்கி, கிடங்கு முழுவதும் அதையே நிரப்பியது நான். என் வயதுக்காரர்கள் கல்யாணம் செய்து பிள்ளை பெற்று வளர்த்த காலம் முழுவதும் நான் அதைத்தான் செய்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்ததைத்தான் நான் எடுத்தேன்.

எடுத்ததைப் பிறகு சொல்கிறேன்.

படிக்கும் காலத்தில் நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. மாடுகள் இருந்தன, நான் இருந்தேன். மாமாவுக்கு ஒரு புல்லைப் பிடுங்கி அடித்தண்டைக் கடித்துக்கொண்டே பேசும் பழக்கம் உண்டு. நான் பூஞ்சையைப் பற்றி விளக்கினால் கடைசிவரை கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"அப்ப உள்ள ஒரு ஆள் இருக்கான். காவல் காக்கிறான். வெளிய தலை காட்ட மாட்டான்" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"சம்பளம்?"

"கொஞ்சம் சர்க்கரை. தங்க இடம்."

"மூணு வேளை சாப்பாடு, தங்க இடம், வெளிய வரதே இல்ல. நம்ம வீட்ல நீ இருக்கிற மாதிரி. ஆனா மாப்ள, அவன் காவலாவது காக்கிறான்."

அக்கா உள்ளேயிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் கேலி செய்தாலும் சரியாகப் புரிந்துகொண்டுதான் கேலி செய்வார். நிலையத்தில் அதுவும் கிடையாது.

நிலையத்தில் என்னைக் காளான் என்று கூப்பிடுவார்கள். எனக்குக் கேட்காது என்ற நினைப்பு. காளான் வெளியே வந்து குடை விரிக்கும், இது வெளியே வராது என்று பல தடவை விளக்கியிருக்கிறேன். "சரி காளான்" என்பார்கள். இயக்குநருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, முளைப்பு. எந்த விதையைக் காட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "முளைக்குதா?" முளைத்தால் அவருக்குப் போதும். விதை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எங்களிடம் விதி இருக்கிறது. ஈரத் தாளில் விதையைச் சுருட்டி வைத்து முளை எண்ணுவோம். விதைக்குள் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க விதி இல்லை. அப்படி ஒரு விதி வேண்டும் என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, என் பிரிவை இந்த வருடத்தோடு மூடுவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துத்தான் சொன்னார்.

"உங்க பூஞ்சை இல்லாம யாராவது கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டார்.

"எல்லார் வயல்லயும் இருக்கு சார். இல்லாத வயலே இந்த வட்டாரத்துல இல்ல."

"அப்ப கஷ்டமே இல்லையே. இல்லாத கஷ்டத்துக்கு எதுக்குங்க ஒரு பிரிவு?"

"கஷ்டம் இல்லாததுக்குக் காரணமே அதுதான் சார்."

"அப்படிப் பாத்தா எங்க வீட்டுப் பூனைகூட புலி வராம காக்குது. இதுவரைக்கும் ஒரு புலி வரல."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னிடம் ஒப்பிட்டுக் காட்டப் பாத்திகள் இருந்தன. பூஞ்சை உள்ள புல் ஒரு பாத்தி, இல்லாத புல் ஒரு பாத்தி. அதை எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். பாத்தியில் எதுவும் வரும், பெரிய வயலில் காட்டுங்கள் என்றார்கள். பெரிய வயல் கேட்டால், முதலில் பயனைக் காட்டுங்கள், பிறகு தருகிறோம் என்றார்கள். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் ஒரு மனிதன் எத்தனை வருடம் நடக்க முடியும் என்று நினைக்கிறீர்கள்? நான் நடந்தேன். அதன் முடிவில், என் நுண்ணோக்கியைப் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு, என் அறையில் நீள மேசை போட்டுக் கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள்.

குற்றம் அவர்களுடையது என்று சொல்ல வரவில்லை. ஒரு பொருள் நன்றாக வேலை செய்தால் அது கண்ணில் படாது. உங்கள் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியை இவ்வளவு நேரம் நீங்கள் கவனித்தீர்களா? இப்போது நான் போய் நிறுத்தினால் கவனிப்பீர்கள். நான் யோசித்தது அவ்வளவுதான்.

விதையும் பூஞ்சையும் ஒரே அளவு காலம் உயிரோடு இருப்பதில்லை. விதை வெகு காலம் தாங்கும். உள்ளே இருப்பது மென்மையானது. அதனால்தான் விதையைக் குளிர் அறையில், ஈரம் இல்லாமல் வைக்கிறோம். அறை கொஞ்சம் வெதுவெதுப்பாகி, காற்றில் ஈரமும் சேர்ந்தால், சில மாதங்களில் பூஞ்சை செத்துவிடும். விதை சாகாது. எடை குறையாது, நிறம் மாறாது. ஈரத் தாளில் வைத்தால் முன்பு போலவே முளைக்கும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் பயப்படும் விஷயம் இது.

குளிர் அறையின் பொறுப்பு என்னிடம் இருந்தது. பிரிவை மூடினாலும் அந்தச் சாவியை யாரும் கேட்கவில்லை. நான் குமிழைத் திருப்பினேன். இந்த அறையில் இப்போது இருக்கும் சூடுதான், அதற்கு மேல் இல்லை. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தை நிறுத்தினேன். மூலைகளில் வாளிகளில் தண்ணீர் வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை.

கிடங்குக்காரர் ஒரு தடவை கேட்டார். "சார், உள்ள வெக்கையா இருக்கே. புழுங்குது."

"கரண்ட் மிச்சம் பண்றோம்" என்றேன்.

"நல்லதுதான் சார். நானும் ஸ்வெட்டர் போடாம உள்ள போயிட்டு வரேன்."

அந்த மாதம் மின்செலவு குறைந்ததைக் கவனித்த இயக்குநர், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அந்த நிலையத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

விதைப்புக் காலம் நெருங்கியபோது ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் கொஞ்சம் விதை எடுத்து, ஊறவைத்து, நசுக்கி, சாயம் விட்டுப் பார்த்தேன். படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் பார்த்தேன். நீலத் தையல் எங்கேயும் இல்லை. அங்கங்கே அறுந்த துணுக்குகள், பிறகு அதுவும் இல்லை. கிடங்கு முழுவதும் காலி. நான் கல்நெஞ்சன் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு காலம் வளர்த்தது. அதற்காக அழுதேன்.

முளைப்புச் சோதனையில் விதைகள் எல்லாம் தேறின. "பிரமாதமா முளைக்குது" என்றார் இயக்குநர். லாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு போயின.

ஒரு சின்ன மூட்டையை மட்டும் முன்பே எடுத்து என் வீட்டுக் குளிர்பெட்டியில், காய்கறித் தட்டுக்குக் கீழே வைத்திருந்தேன். அது பூஞ்சை உயிரோடு இருக்கும் விதை. ஒப்பிட ஒன்று வேண்டுமே. அதில் பெரும்பகுதியை நிலையத்து நிலத்தில் விதைத்தேன். நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. அக்கா வயலுக்கு அதைக் கொடுத்திருக்கலாமே என்று. நானும் யோசித்தேன். அந்த மூட்டை அக்கா வயலுக்குச் சரியாகப் போதும். ஆனால் அக்கா என்பதற்காக ஒரு வயலை மட்டும் காப்பாற்றினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, சலுகை. தவிர, தினமும் போய்த் தூரைப் பிரித்து வண்டு எண்ண எனக்கு ஒரு வயல் தேவைப்பட்டது. வேறு யாருடைய வயலுக்குத் தினமும் போனாலும் ஏன் என்று கேட்பார்கள். அக்கா வயலுக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுப் போடா என்பாள்.

முதலில் எல்லா வயலும் அழகாக வந்தது. பிறகு வண்டு வந்தது. அது ஒவ்வொரு வருடமும் வருவதுதான், கடித்துப் பார்த்துவிட்டுப் போவதுதான். இந்த வருடம் போகவில்லை. வயல்களில் முதலில் தட்டு அளவில் மஞ்சள் தெரிந்தது, பிறகு பாய் அளவில். பிடித்து இழுத்தால் புல் கையோடு வந்தது. நான் எதிர்பார்த்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நிலையத்து நிலத்தில் என் புல் முழங்காலைத் தொட்டுக்கொண்டு பச்சையாக நின்றது.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மாடு வைத்திருப்பவர்கள் கூட்டமாக நிலையத்துக்கு வந்தார்கள். ஒருவர் மழை தப்பிவிட்டது என்றார். இன்னொருவர் போன வருடம் பக்கத்து வயலில் குப்பை எரிக்காததால் வண்டு தங்கிவிட்டது என்றார். இயக்குநர், "இது வண்டு வருஷம். சில வருஷம் இப்படித்தான்" என்று சொல்லி எல்லோரையும் ஆறுதல்படுத்தினார். நான் எழுந்து, வாருங்கள், ஒன்றைக் காட்டுகிறேன் என்று சொல்லி அத்தனை பேரையும் என் பச்சைப் புல்லின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கண்ணுக்கு நேராக இருக்கிறது. ஒரு பக்கம் வட்டாரமே காய்ந்து கிடக்கிறது, இந்தப் பக்கம் இது.

"உங்களுக்கு என்னங்க, ஆபீஸ் நிலம். நல்ல மண்ணு" என்றார் ஒருவர்.

"வேலி போட்டிருக்கு, வண்டு வராது" என்றார் இன்னொருவர்.

வேலிக்குப் பறக்கும் வண்டு நிற்குமா என்று நான் கேட்கவில்லை. உள்ளே ஆள் இல்லாத புல் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக ஒரு வட்டாரத்தையே காலி செய்து காட்டினேன். அவர்கள் வேலியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

யாருக்குமே சந்தேகம் வரவில்லை என்று சொன்னேன். அது முழுக்கச் சரி இல்லை. மாமாவுக்கு வந்தது.

ஒரு நாள் காலையில் நான் தூரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு புல்லைக் கடித்துவிட்டு, இன்னொன்றைப் பிடுங்கிக் கடித்தார். பிறகு, "மாப்ள, இந்த வருஷப் புல்லு இனிக்குது" என்றார்.

"அப்படியா மாமா."

"எப்பவும் லேசா ஒரு கசப்பு இருக்கும். இப்ப இல்ல. உள்ள ஆள் இல்லையோ?"

அந்தக் கேள்விக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அளவு கசப்பு மனித நாக்குக்குத் தெரியாது என்பதுதான் அறிவியல். ஒருவர் வாய்க்கு இனித்தது என்பதை வைத்து என்ன செய்ய முடியும்? அது ஒருவருடைய கருத்து. வட்டாரமே சொன்னால்தான் முடிவு. அதுவும் அவர் என் உறவுக்காரர். நானே சொல்லிக்கொடுத்தேன் என்பார்கள்.

"இருக்கான் மாமா. நாக்குல ஏதோ கோளாறு" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அவரிடம் ஆமாம் என்று சொல்லியிருந்தால், குளிர்பெட்டியில் மிச்சம் இருந்ததைக் கொடுத்து ஒரு மூலையிலாவது மறுபடி விதைத்திருக்கலாம். கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை அடுத்த வருடத்துக்கு என்று வைத்திருந்தேன்.

அக்கா அவரைப் போல அமைதியான ஆள் இல்லை. பால் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டு பசுக்களை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சாப்பாடு போடும்போது கரண்டியைத் தட்டில் ஓங்கி வைத்தாள்.

"தினமும் வந்து பூச்சிய எண்ணிட்டுப் போறியே, எண்ணினா அது செத்துடுமா? அவர்கிட்ட மருந்து அடிக்கச் சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறார். நீ சொன்னாத்தான் வேதம்."

"மருந்து அடிச்ச புல்ல மாட்டுக்குப் போட முடியாதுக்கா. பால்ல வரும்."

"இப்ப மட்டும் எதைப் போடறேன்? உன் படிப்பையா அறுத்துப் போடச் சொல்றே?"

மாமா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அக்காவிடம் சொன்னது பொய் இல்லை. மருந்தடித்த புல் மாட்டுக்கு ஆகாது. ஆனால் அதற்காக மட்டும் தடுத்தேன் என்று சொன்னால் அது பொய். மருந்து அடித்தால் வண்டு செத்துவிடும். வண்டு செத்த வயலில் பூஞ்சை இல்லாததால் என்ன ஆகும் என்பது எப்படித் தெரியும்? இத்தனை நாள் எண்ணியது வீண். அதனால் அன்று கிளம்பும்போது, மாமாவுடைய தெளிப்பானில் மூக்கு சரியில்லை, நிலையத்தில் சரிபார்த்துத் தருகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அது இருந்த பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனேன். முகமூடியும் கையுறையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.

பார்த்தீர்களா, உங்கள் தாளில் முகமூடி இல்லாமல் என்று ஒரு வரி இருக்கிறது. ஏன் இல்லை என்பது இல்லை. அதைத்தான் பாதியில் தொடங்குகிறது என்றேன்.

மாமா என் பேச்சை மீறியதே இல்லை. அக்காவின் பேச்சையும் எத்தனை நாளைக்குத்தான் கேட்காமல் இருப்பார்? மாட்டைப் பார்த்தால் மனம் கேட்காத மனிதர். நான் காலையில் வருவேன், எண்ணுவேன், சாப்பிட்டுவிட்டு உச்சிவெயிலுக்கு முன்னால் நிலையத்துக்குப் போய்விடுவேன். நான் போன பிறகு, எனக்குத் தெரியாமல் அடித்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். வெயில் உச்சியில் மருந்து அடிக்கக் கூடாது. ஆவி முகத்துக்குத்தான் ஏறும். அது அவருக்கும் தெரியும். சாயங்காலம் கறவை இருக்கும், எனக்குத் தெரியாமல் செய்ய வேறு நேரம் அவருக்கு இல்லை. பக்கத்து வயல்காரரிடம் பழைய தெளிப்பான் ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறார். அது முதுகுப் பக்கம் ஒழுகும்.

அன்றைக்கு என் கைலென்ஸை வரப்பில் மறந்து வைத்துவிட்டேன். அதை எடுக்கத் திரும்பி வந்தேன். தூரத்திலேயே வாடை அடித்தது. மாமா வரப்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது, கைகள் நடுங்கின. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை.

"கோவிச்சுக்காத மாப்ள" என்றார். "பாதிதான் அடிச்சேன்."

எந்தப் பாதி என்று கேட்டேன்.

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். கை நிலையாக நிற்கவில்லை, அதனால் எல்லை எங்கே என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. நான் வயலுக்குள் இறங்கிப் பார்த்தேன். மருந்து பட்ட இலையில் பால் தெளித்தது போல ஒரு படலம் இருக்கும், வெயில் ஏற ஏற மறைந்துவிடும். மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும். மேற்குக் கரையிலிருந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, படலம் முடியும் இடத்தில் வேலிக்குச்சிகளை ஒடித்து நட்டேன். வயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நட வேண்டியிருந்தது. ஓரிடத்தில் எல்லை வளைந்து போயிருந்தது. அவர் அங்கே தள்ளாடியிருக்க வேண்டும். அந்த வளைவையும் விடாமல் நட்டேன். எனக்கு அப்போது அவர்மேல் கோபம். அதை ஒத்துக்கொள்கிறேன். நான் விளக்கிச் சொன்ன அத்தனையும் கேட்ட ஒரே மனிதர், அவரே கெடுத்துவிட்டாரே என்று இருந்தது.

நடுவில் ஒரு தடவை அவர் என்னைக் கூப்பிட்டார். இதோ வந்துவிடுகிறேன் மாமா என்றேன்.

திரும்பி வந்தபோது அவர் படுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். மருத்துவர் என்னை வெளியே அழைத்து, "இதுக்கு மாத்து மருந்து இருக்கு. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். நான் வந்தபோதே மயங்கிக் கிடந்தார் என்று சொன்னேன். அக்காவிடமும் அதையே சொன்னேன். உங்கள் தாளிலும் அதுதான் இருக்கிறது. அதை மாற்றிவிடுங்கள். அவர் பேசினார். என்னைக் கூப்பிட்டார். நான் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறாய், சும்மா கையெழுத்துப் போட்டிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பாயே என்று உங்களுக்குத் தோன்றும். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் நிறைய யோசித்துவிட்டேன். நான் சொல்லாவிட்டால் இந்த வருடம் வண்டு வருடம் என்று போய்விடும். மாமா முகமூடி போடாத ஒரு மனிதராகப் போய்விடுவார். அந்தப் பூஞ்சை இல்லாவிட்டால் ஒரு வட்டாரத்துக்கு என்ன ஆகும் என்பது யாருக்கும் கடைசிவரை தெரியாமலே போய்விடும். அவர் இறந்ததற்கு ஒரு பொருள் இருக்க வேண்டாமா? நான் சொன்னால் உங்கள் துறை எழுதும், பத்திரிகை எழுதும், நிலையத்தில் விசாரிப்பார்கள். விதைகளைச் சாயம் விட்டுப் பார்த்துத்தானே ஆக வேண்டும். அவர்களே பார்ப்பார்கள். இப்போதுகூட அந்த அம்மா பூஞ்சை வரும் இடத்தில் எல்லாம் தட்டாமல், மாமா வரும் இடத்தில் மட்டும் தட்டுகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் தட்டச் சொல்லுங்கள். ஒன்று இல்லாமல் மற்றது புரியாது.

தாளைக் கொடுங்கள், திருத்தியதும் கையெழுத்துப் போடுகிறேன். விதைகளை நான்தான் காலி செய்தேன். தெளிப்பானை நான்தான் எடுத்துப்போனேன். காப்பாற்றக்கூடிய நேரத்தில் நான்தான் காப்பாற்றவில்லை. இதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அந்த வயலைப் பார்க்கப் பிடிக்கவில்லை, நாளைக்கே டிராக்டர் விட்டு உழுதுவிடப் போகிறேன் என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள். குச்சிக்குக் கிழக்கே மருந்து படவே இல்லை, அந்தப் பாதியில் வண்டுக் கணக்கு இன்னும் கெடாமல் இருக்கிறது. இதைக் கேட்ட பிறகு அவள் என் பேச்சைக் கேட்க மாட்டாள். அதை மட்டும் உழ வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.